நாப்பத்திமூணு வீட்டுக்கு ஒரே கொதி

ஆறுபனைவிளையில பனை ஆறுதான்னு நெனச்சிராதீய, எண்ணத் தொடங்குனா பொழுது அடைஞ்சிரும், பேரு வச்ச மனுசனுக்கு ஆறுக்கு மேல எண்ண வரல, அவ்வளவுதான் சங்கதி. செம்மண் மேடு மேடா விரிஞ்ச தேரிக்கு நடுவுல நாப்பத்திமூணு வீடு, ஒரு கோயில், கோயில்னா சிலுவை வச்ச கோயில், ஒரு பஸ் ஸ்டாப்பு, பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல செல்லக்கனியோட வீடு, வீட்டு முன்வாசல்லயே அவ சாப்பாட்டுக் கடை. புருசன் போய்ச் சேந்து பதினாறு வருசமாச்சு, அந்த அடுப்புதான் அவளுக்குப் புருசன், புள்ள, பென்சன் எல்லாம். அவ வைக்க சாளைமீன் கொழம்புக்காக மத்தியான பஸ்ஸு டிரைவர் எஞ்சின்ல கோளாறுன்னு பொய் சொல்லி பத்து நிமிசம் நிறுத்துவாரு, ஏறுன சனமும் அந்தக் கோளாற சந்தோசமா நம்பி எறங்கி வந்து எலையப் போடச் சொல்லும்.

அந்த ஊர்ல வருசத்துக்கு ஒருக்கா கோயில்ல அசனம் நடக்கும். பொம்பளைங்க தெனமும் ஒல வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசிய எடுத்துத் தனி டப்பாவுல போட்டு வைப்பாவ, வருசக் கடைசியில எல்லா டப்பாவையும் ஒண்ணாக் கொட்டி, ஆட்ட வெட்டி, கோயில் வார்ப்பு அண்டாவுல பொங்கி, கருப்பட்டி யாவாரி கோயில்பிச்சையும் பனையேறி தாசனும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து திம்பாவ, தின்னு கையக் கழுவுனதும் அவுக அவுக எடத்துக்குப் போயிருவாவ. அந்த வருசம் பாத்து வார்ப்பு அடியில விரிசல் விட்டுப்போச்சு. கோயில்ல செபம் நடத்துற உபதேசியார் ஞானசிகாமணி யோசிச்சுப் பாத்துட்டு, வீட்டுக்கு ஒரு சட்டி பொங்கிக் கொண்டாங்க, எல்லாத்தையும் ஓலப்பாயில ஒண்ணாக் கொட்டிருவோம்னாரு. கொண்டாந்தாவ, கொட்டுனாவ, தின்னாவ, எல்லாரும் ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்கும்போது அந்தத் தேரியில ஆறு மாசமாத் தல காட்டாத மழ எங்க இருந்தோ வந்து சடசடன்னு எறங்க, பொம்பளைங்க கைக்கு ஆப்ட்ட சட்டிய எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டு ஓடுனாவ. தூர நின்னு பாத்தா நாப்பத்திமூணு சட்டி தானாக் கால் மொளச்சு வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்குப் போயிப் பாத்தா, எல்லாச் சட்டியிலயும் அடுத்தவ பேரு வெட்டியிருக்கு.

செல்லக்கனி கைக்கு வந்தது தாசன் பொண்டாட்டி அன்னப்பழத்தோட அலுமினியச் சட்டி, நாலு எடத்துல நசுங்குனது, பேரக்கூட ஆணிய வச்சுக் கீறியிருந்தா. செல்லக்கனியோட பெரிய எவர்சில்வர் போணி, கல்யாணத்துக்கு அவ அப்பன் குடுத்தது, அது அன்னப்பழம் வீட்டுக்குப் போயிருச்சு. திருப்பிக் குடுத்தாத் தீந்துச்சேன்னு கேப்பீய. அடுத்தவ பாத்திரத்த வெறுஞ்சட்டியாத் திருப்பிக் குடுக்க அந்த ஊர்ப் பொம்பளைக்குக் கை வராது, உள்ள ஏதாச்சும் வச்சுத்தான் குடுக்கணும், நாம வச்சுக் குடுத்து அவ வெறுஞ்சட்டியாக் குடுத்துட்டா நமக்கு நட்டம், அவ நெறையக் குடுத்து நாம கொறையக் குடுத்தா நமக்கு மானம் போச்சு. அதனால நாப்பத்திமூணு பேரும் அவ மொதல்ல அனுப்பட்டும்னு மூணு நாள் காத்துக் கெடந்தாவ.

நாலாம் நாள் சட்டிங்களே ஒரு முடிவுக்கு வந்துருச்சு.

அன்னிக்குக் காலையில செல்லக்கனி கொழம்பு கொதிக்கிற வாசன வரலியேன்னு மூடியத் தொறந்தா, விளிம்பு வரைக்கும் வச்ச கொழம்பு அடியில போயிக் கெடக்கு, அதுலயும் பாதி ரசம், பாதி கேப்பக் கூழு, நடுவுல ரவா உப்புமா தெப்பம் விட்டுக்கிட்டு இருக்கு. அவ மூடியக் கீழ போட்ட அதே நேரத்துல ஊர் பூராவும் நாப்பத்திரெண்டு மூடி விழுந்த சத்தம் கேட்டுச்சு. ஒரு வீட்டு அடுப்புல கொதிக்கிறது எல்லா வீட்டுக்கும் நாப்பத்திமூணாப் பிரிஞ்சு போயிட்டு இருந்துச்சு, கோயில்பிச்சை வீட்டு நெய்ச்சோறு தாசன் வீட்டுக்கும், தாசன் வீட்டுக் கூழு கோயில்பிச்சை வீட்டுக்கும். வேற சட்டியில வச்சாலும் அதே கதைதான், அடுத்தவ சட்டி வீட்டுக்குள்ள இருக்க வரைக்கும் அந்த வீட்டு அடுப்புல எது ஏறுனாலும் ஊருக்குத்தான். சட்டியத் தூக்கி வெளிய வைக்கலாம்லான்னா, அடுத்தவ சட்டியத் தெருவுல வச்சவன்னு பேரெடுக்க எவளுக்குத் தைரியம் உண்டு?

இது அதிசயமான்னு ஒருத்தரும் கேக்கல. உப்பு யாரு போட்டதுன்னுதான் கேட்டாவ. ஏன்னா நாப்பத்திமூணு வீட்டு உப்பும் அவ அவ கணக்குக்கு விழுந்து நாக்குல வைக்க முடியல. ரெண்டே நாள்ல பொம்பளைங்க கூடிப் பேசி ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்துட்டாவ: கோயில் மணி ஒருக்கா அடிச்சா எல்லா வீட்டுலயும் சோத்துக்கு ஒல, சோத்த வடிச்சுத் தட்டுல எடுத்து வச்சப்புறம் ரெண்டு அடிச்சா கொழம்பு, கொழம்புக்கு உப்புப் போடுறது ஒரு நாளைக்கு ஒரே ஒரு வீடு, மொறை வச்சு. வெளியூர்ல இருந்து பொண்ணு பாக்க வந்தவன் வீட்டுக்கு வீடு ஒரே ருசியா இருக்கேன்னு கொழம்பிப்போயி, எந்த வீட்டுப் பொண்ணப் பாக்க வந்தோம்னு மறந்துட்டுத் திரும்பிப் போனான்.

ஊர்ல எல்லாருக்கும் வயிறு ஒரே அளவுக்கு நெறஞ்சுச்சு. தாசன் பனையில இருந்து விழுந்து கால்ல மாவுக்கட்டோட கெடக்கான், அஞ்சு புள்ளைங்க, மூணு மாசம் மரத்தப் பக்கத்துல போயிப் பாக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. அந்த வீட்டுப் புள்ளைங்க வாழ்க்கையில மொத மொறையா, கொழம்பு காரமா இருக்குன்னு கொறை சொல்லுற அளவுக்குச் சொகம் கண்டுருச்சுங்க. ஆனா செல்லக்கனிக்கு மட்டும் அடிமடியில கை வச்ச மாதிரி ஆச்சு. அவ கடைக்கு வைக்கிற கொழம்புல ஒரு கரண்டிதான் அவளுக்கு மிஞ்சும், அத வச்சு பஸ்ஸு சனத்துக்கு எலை போட முடியுமா? மொத நாள் டிரைவர் எறங்கி வந்து பாத்தாரு, ரெண்டாம் நாள் ஹாரன் அடிச்சுக் கேட்டாரு, அடுத்த வாரம் எஞ்சினுக்கு ஒரு கோளாறும் இல்லாம பஸ்ஸு நேரா ஓடிப்போச்சு.

அப்பவும் ரெண்டு பேரு மட்டும் கடைக்கு வராம இருக்கல. ஒருத்தர் உபதேசியார். இன்னொருத்தர் டைலர் பாக்கியநாதன், தையல் மிசினுக்கு மேல செவப்புக் கொடி கட்டுனவரு, ஊரே அவரத் தோழர்னுதான் கூப்பிடும். ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியக் கட்டுன சகலைங்க. கடையில டீயும் நாப்பத்திரெண்டு வீட்டுக்குப் போனது போக ஆளுக்கு ஒரு மொடக்குதான் கெடைக்கும், அந்த ஒரு மொடக்க ஒரு மணி நேரம் குடிப்பாவ.

"பாத்தியளா சகலை, ஏசுவோட சீடருங்க நடத்துன ஆதி சபை இதுதான்"ன்னாரு உபதேசியார். "என்னோடது எனக்குன்னு எவனும் சொல்லல. நெலம் வச்சிருந்தவன் வித்துக் கொண்டாந்து அப்போஸ்தலர் காலடியில வச்சான்."

"அதத்தான்வே நாங்களும் சொன்னோம். அதுக்குத்தான் எனக்குக் கோயில் கமிட்டியில எடம் இல்லன்னுட்டிய."

"நீரு கடவுளே இல்லன்னுல்லா சொன்னீரு!"

"சோத்தப் பங்கு வைக்கதுக்கு நடுவுல அவரு எதுக்குவே?"

"அங்கதான் வித்தியாசம் கெடக்கு. ஆதி சபையில மனசாரக் குடுத்தான். ஒம்ம ஆளுங்க வந்தா கழுத்தப் புடிச்சுல்லா வாங்குவாவ."

தோழர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டாரு. "அந்த ஆதி சபையில நெலத்த வித்துப் பாதிய ஒளிச்ச ஒரு புருசனும் பொண்டாட்டியும் பொத்து பொத்துன்னு விழுந்து செத்தாவளே, அது மனசாரவா? எங்க கட்சியில இதுக்கெல்லாம் வெளக்கம் கேட்டு ஒரு நோட்டீசுதான்வே குடுப்போம்."

உபதேசியாருக்கு அந்த மொடக்கு டீயும் பொறையேறிப் போச்சு. "சரி, ஒங்க கொள்கையில சோம்பேறிக்கு என்ன வழி?"

"வேல செய்யாதவனுக்குச் சோறு கெடையாது."

"அது எங்க அப்போஸ்தலர் சொன்னது! ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சதக் களவாண்டுட்டுப் போயிட்டு, கொள்கையாம் கொள்கை!"

செல்லக்கனி அடுப்புச் சாம்பல அள்ளிக்கிட்டே கேட்டா. "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சட்டந்தான்னு ஆச்சு. விடிஞ்சதுல இருந்து ரெண்டு பேரும் என்ன வேல செஞ்சிய?"

ரெண்டு பேரும் கிளாசக் கீழ வச்சாவ.

"யக்கா, நான் ஒரு யோசன சொல்லுதேன்"ன்னு தோழர் பேச்ச மாத்துனாரு. "சட்டியில பேரு வெட்டுனதுலதான் எல்லா வெனையும். அரத்த வச்சு எல்லாப் பேரையும் ராவிருவோம். அப்புறம் எது யாரு சட்டின்னே இருக்காது."

"எஞ்சட்டி மேல அரத்த வச்சுப் பாரும், நான் ஒம்ம மிசின்ல ஒம்ம வாயத் தைக்கேன்"ன்னா செல்லக்கனி. "எங்கப்பன் குடுத்த போணிவே அது. அதுல என் பேரு இருக்கட்டும், இல்லாட்டி என்னத்தான் யாருன்னு எனக்குத் தெரியும்?"

இப்படியே ஒரு மாசம் ஓடுச்சு. ஆனா சட்டி ஒண்ணானா கை சிறுத்துருமோ என்னவோ, போகப்போக ஒலையில விழுற அரிசி கொறஞ்சுகிட்டே வந்துச்சு. நாப்பத்திரெண்டு பேரு போடும்போது நம்ம ஒரு படி இல்லாட்டா என்னன்னு ஒருத்தி அரப்படி போட்டா, அரப்படி போட்டவள மோந்து பாத்த மாதிரி அடுத்தவ கால்படி போட்டா, கோயில்பிச்சை வீட்டுல அளக்குற படியவே மாத்திட்டாவ. ஒரு புதங்கெழம மணி அடிச்சுச்சு, நாப்பத்திமூணு வீட்டுலயும் அடுப்பு எரிஞ்சுச்சு, நாப்பத்திமூணு சட்டியும் தளபுளன்னு கொதிச்சுச்சு, தொறந்து பாத்தவ வீட்டுல எல்லாம் வெந்நி.

செல்லக்கனியும் அன்னிக்கு அரிசி போடல. எங்கடைய முழுங்குன ஊருக்கு நான் எதுக்குப் போடணும்னு வீம்புக்கு வெறுந்தண்ணிய வச்சுட்டு ஒக்காந்திருந்தா. ஆனா அவ வெந்நிக்குள்ள என்னமோ சுத்துச்சு. கரண்டியில எடுத்துப் பாத்தா சோத்துப் பருக்க, எண்ணுனா முப்பதுக்கு ஒண்ணு ரெண்டு கொறையும், நொறுங்குன பருக்க, லேசா மஞ்ச ஓடுன ரேசன் அரிசி. ரேசன் அரிசிய அந்த ஊர்ல பாதிப் பேரு கோழிக்குப் போடுவாவ, மீதிப் பேரு மாவு ஆட்டுவாவ, அதச் சோறாப் பொங்குற வீடு ஒண்ணே ஒண்ணுதான். அஞ்சு புள்ளைங்களும் மாவுக்கட்டுமா இருக்கிற வீட்டுல இருந்து ஒரு கைப்பிடி அரிசி வீடு வீடாப் பிரிஞ்சு ஊருக்கு வந்திருக்கு. செல்லக்கனி அத வாயில போட்டா.

அந்த நேரம் பாத்து ஊருக்கு வெளிய, பனங்காட்டுப் பக்கம், ஸ்ஸ்ஸ்ஸ்னு குக்கர் விசில் அடிச்சுச்சு.

பசிச்ச ஊருக்குக் காது நல்லாக் கேக்கும். எல்லாரும் ஓடிப் பாத்தா, கோயில்பிச்சை தன் கருப்பட்டிக் கிட்டங்கியில புதுக் குக்கர வச்சு, பொண்டாட்டியோட ஆட்டுக்கறி வேக வச்சுக்கிட்டு இருக்காரு. பழைய கதைய நெனச்சு ரெண்டு பேரு, எங்க அவரு பொத்துன்னு விழுந்துருவாரோன்னு தூக்க ரெடியா பக்கத்துல போயி நின்னாவ. அவரு விழல, விக்கல்தான் எடுத்துச்சு.

"அண்ணாச்சி, இது கர்த்தருக்கு அடுக்காது"ன்னாரு உபதேசியார்.

"வெளக்கம் எழுதிக் குடும்"னாரு தோழர்.

கோயில்பிச்சை விக்கலோட எந்திரிச்சாரு. "நான் வீட்டுலயா வச்சேன்? கிட்டங்கியில வச்சா ஒங்களுக்கென்ன? என்ன மட்டும் கேக்க வந்துட்டிய, இப்பத்தான் அந்தத் தெரு வழியா வாறேன், ஒங்க ரெண்டு பேரு வீட்டுலயும் அயிரமீன் கொழம்பு மணக்கு, போயிப் பாருங்கவே!"

ஊரு அப்படியே திரும்பி அங்க ஓடுச்சு. உபதேசியார் பொண்டாட்டி ரத்தினபாயும் தோழர் பொண்டாட்டி மணிபாயும், ரெண்டு பேரும் கரண்டியும் கையுமா வாசல்ல நின்னாவ.

"ஆமா, அவ சட்டி என்கிட்ட கெடந்துச்சு, எஞ்சட்டி அவகிட்ட கெடந்துச்சு"ன்னா ரத்தினபாய். "அக்கா தங்கச்சிக்குள்ள என்ன மானம் மருவாதி? நான் அதிரசம் வச்சுக் குடுத்தேன், அவ சுண்டல் வச்சுக் குடுத்தா. சட்டி வீடு வந்து சேந்ததுல இருந்து எங்க கொதி எங்க வீட்டுலயே நிக்கி."

"என்னிக்குட்டி இது நடந்துச்சு?"ன்னு செல்லக்கனி கேட்டா.

"ஆச்சுக்கா, பத்து நாளு."

ஊரு மொத்தமும் திரும்பி உபதேசியாரையும் தோழரையும் பாத்துச்சு. பத்து நாளா வீட்டுல தனிச் சட்டியில தின்னுட்டு, கடையில வந்து பொதுச் சட்டிக்கு வெளக்கம் சொல்லியிருக்காவ. பாவம், தெரிஞ்சு செய்யல. தட்டுல விழுந்தாச் சரின்னு இருக்கவுக, சட்டிய எட்டிப் பாத்தாத்தான தெரியும்.

வழி தெரிஞ்சுபோச்சு. அன்னிக்குச் சாயந்தரம் அந்தத் தெருவப் பாக்கணுமே! வெந்நிக்குப் பொறந்த ஊரு, அடுத்தவ சட்டிய நெறச்சுக் குடுத்துட்டுத் தன் சட்டிய வாங்க, வேகவைக்காததா எதெது உண்டோ அதையெல்லாம் பரண்ல இருந்து எறக்குச்சு: பச்சரிசி, பருப்பு, முட்ட, வாழத்தாரு, கோயில்பிச்சை ஒரு சிப்பம் கருப்பட்டி. காலையில ஒரு பிடி இல்லாத வீட்டுல எல்லாம் சாயந்தரம் சட்டி வழிஞ்சுச்சு. பங்கு வச்ச ஒரு மாசத்துல குடுக்காதத எல்லாம், பங்க முடிச்சுக்கிடுற ஒரே சாயந்தரத்துல குடுத்துத் தீத்தாவ.

செல்லக்கனியும் அன்னப்பழத்தோட சட்டியில அரிசியக் கொட்டி, மேல பருப்புப் பொட்டலமும் கருவாடும் வச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்புனா. போணி வந்துரும், நாளைக்குக் கொழம்பு கொழம்பா நிக்கும், பஸ்ஸுக்குப் பழையபடி கோளாறு வரும்னு நடைய எட்டிப்போட்டா. தேரி ஓரத்துல அந்த ஓல வீட்டு வாசலுக்கு வந்ததும் கால் நின்னுபோச்சு.

அன்னப்பழம் அந்த எவர்சில்வர் போணியச் சாம்பல் போட்டு, முகம் தெரியுற அளவுக்கு வெளக்கி வச்சிருந்தா. வச்சுட்டு, கைப்பிடி அரிசி டப்பாவத் தலகீழாக் கவுத்து அடியில தட்டிக்கிட்டு இருந்தா. டப்பாவுல ஒண்ணும் இல்ல, அதுல கெடந்ததுதான் காலையில ஊரு பூரா வெந்நியில சுத்துச்சு. போணிக்குள்ள நாலு காஞ்ச மொளகாயும் ஒரு பனங்கெழங்கும் கெடந்துச்சு. அவ்வளவு பெரிய போணியில அதுங்க தொலஞ்சு போன மாதிரி கெடந்துச்சுங்க.

"வாங்க யக்கா"ன்னா அன்னப்பழம், டப்பாவ முதுகுக்குப் பின்னால மறச்சுக்கிட்டு. "ஒங்க போணிய நானே கொண்டாறலாம்னுதான் இருந்தேன். இன்னும் நெறைக்கல."

"யாரு கேட்டா ஒன்கிட்ட போணிய?"

"எல்லாரும் திருப்பிக் குடுக்காவல்லா."

"குடுக்கவுக குடுக்கட்டும். எங்கிட்ட அத வைக்க எடம் கெடையாதுட்டி. நீயே வச்சுக்க, பெறகு சொல்லுதேன்."

"அப்ப எஞ்சட்டியத் தாங்க."

செல்லக்கனி அரிசியையும் பருப்பையும் கருவாட்டையும் அங்க கெடந்த சொளவுல தட்டிட்டு, வெறுஞ்சட்டியத் திரும்ப இடுப்புல வச்சுக்கிட்டா. "இது ஓட்ட. அடச்சுத் தாறேன்."

"ஓட்டையே கெடையாதேக்கா அதுல!"

"நான் சொல்லுதேன்ல ஓட்டன்னு. கடக்காரி எனக்குத் தெரியுமா, ஒனக்குத் தெரியுமா?"

உள்ள கட்டில்ல கெடந்த தாசன் மெதுவாச் சிரிச்சான். அன்னப்பழம் சிரிக்கல, போணியத் தூக்கிட்டுப் போயி அடுப்புக்குப் பக்கத்துல வச்சா.

மறுநாள்ல இருந்து நாப்பத்தோரு வீட்டுக் கொதியும் அவுக அவுக வீட்டுக்குப் போயிருச்சு. கொழம்புக்கு ருசி வந்துச்சு, அடுத்த வீட்டுக் கொழம்பப் பத்திப் பொரணியும் வந்துச்சு. செல்லக்கனி கடையில மட்டும் சட்டி நெறைய வச்சா அரச்சட்டிதான் மிஞ்சும். மீதி எங்க போகுதுன்னு அவளுக்குத் தெரியும், அதனால ரெண்டு பங்கு மீன் வாங்குனா, ரெண்டு பங்கு புளி கரச்சா, விடியதுக்கு முந்தியே எந்திரிச்சா. பஸ்ஸுக்கு மறுபடியும் கோளாறு வந்துச்சு. ஏன் இந்தச் சட்டி எப்பவும் பாதியில நிக்குன்னு டிரைவர் கேட்டா, அடுப்பு குடிச்சிருதுவே, நீரு தின்னும்னு சொல்லுவா.

உபதேசியாரும் தோழரும் ஒரு வாரம் தல காட்டல, அப்புறம் ஆளுக்கொரு பக்கமா வந்து ஒக்காந்தாவ. இப்பத்தான் முழு கிளாசு டீ.

"செல்லக்கனி, ஊர்ல இப்ப மிச்சம் இருக்க ஆதி சபை நீ ஒருத்திதான்"ன்னாரு உபதேசியார்.

"யக்கா கட்சியில சேராமலே கட்சி வேல பாக்காவ"ன்னாரு தோழர்.

"ரெண்டும் இல்ல. சட்டி மாறிக் கெடக்கு, அவ்வளவுதான்"ன்னுட்டு அவ கிளாசப் புடுங்கிக் கழுவப் போட்டா.

மாவுக்கட்ட வெட்டி எடுத்தாச்சு, தாசன் மரத்துல ஏறத் தொடங்குனான். செல்லக்கனி போணியக் கேக்கவும் இல்ல, அன்னப்பழம் சட்டியக் கேக்கவும் இல்ல. ஒரு நாள் டிரைவர் வாயில சோத்த வச்சுட்டு முழிச்சாரு, என்னக்கா இன்னிக்கு மீன்கொழம்பு இனிக்கின்னாரு. அன்னப்பழம் வீட்டுல கருப்பட்டிக்குப் பதினி காச்சுற நாள் அது, செல்லக்கனி மறந்துட்டா. புது மாடல்வே, பழகிக்கிடும்னு சொல்லிட்டா.

அப்புறம் ஐப்பசியில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் அடுப்பு பத்தல, கடைய அடச்சுட்டுப் பாயில சுருண்டு கெடந்தா, பஸ்ஸு ஹாரன் அடிச்சுட்டு அடிச்சுட்டுப் போச்சு. மூணாம் நாள் மத்தியானம், அடியில தீயே இல்லாத அந்த நசுங்குன சட்டியோட மூடி தடதடன்னு ஆடுச்சு. எந்திரிச்சுப் போயித் தொறந்தா ஆவி மூஞ்சியில அடிச்சுச்சு: ரேசன் அரிசிக் கஞ்சி, முருங்கக்கீர போட்டது, சரியா அரச்சட்டி.

செல்லக்கனி ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. ஜன்னல்கிட்டப் போயி, தேரிப் பக்கமாத் திரும்பி, காய்ச்சத் தொண்டையோட கத்துனா.

"ஏட்டி அன்னப்பழம்! உப்பு கூடிப்போச்சுட்டி!"

கத்திட்டு வந்து ஒக்காந்து, சட்டியச் சாய்ச்சு, அடியில நின்ன கடைசிப் பருக்க வரைக்கும் வழிச்சுக் குடிச்சா. பொழுது அடையிற நேரம் மூடி மறுபடியும் ஆடுச்சு. இந்தத் தடவ உப்பு சரியா இருந்துச்சு.